ஓக் தூணின் உடல்நலம்

சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இங்கிலாந்தின் சஃபோக்கில் காராட் பண்ணைவீட்டின் நானூறு வருஷத்து ஓக் மரச்சட்டகம் இன்றுமுதல் தேசத்தின் செல்வம். அதிலிருந்து ஒரு மர ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது. பாரம்பரியத் துறை அதிகாரி பெட்டிஃபர் சமையலறைத் தூணைத் தடவித் தடவிப் பூரிக்கிறார். மரச்சட்டங்களுக்கு இடையிலுள்ள மண்சுவரில் ஈரம் கசிந்து, மழைநாள் வெளிச்சத்தில் மினுங்குகிறது. மாடியில் வீட்டுக்காரர் வில்ஃப் காராடின் மனைவி ஈனிட் இருமுகிறாள்.

"மூணு குளிர்காலமா இப்படித்தான் சார். அந்த ஒரு சுவரை மட்டும் இடிச்சிட்டு செங்கல் வெச்சுக்கறேனே?"

"செங்கல்லா! மரம் மூச்சு விட வேணாமா, மிஸ்டர் காராட்?"

"அவ விட வேணாமா?"

பெட்டிஃபர் தூணில் காதை வைக்கிறார். "உள்ள மரத்தைத் துளைக்கிற வண்டு தட்டுதான்னு கேக்கணும். அவங்களைக் கொஞ்சம் இருமாம இருக்கச் சொல்லுங்க."

வில்ஃப் மாடிப்படியை அண்ணாந்து பார்க்கிறார். "ஈனிட், ஒரு நிமிஷம் அடக்கிக்கோம்மா."

வீடு அமைதியாகிறது. தூணில் வண்டு இல்லை.