நண்டு மார்க் விஸ்கி

“கண்டிப்பா வரணும் நைனா. நீ வராம முதல் பாட்டிலைத் தொறக்க மாட்டேன்.”

செம்பியனின் குரலை போனில் கேட்டதிலிருந்து, போகாமலிருக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தான் சேரன். முப்பது வருஷம் கழித்துக் கூப்பிடுகிறான். அதுவும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு.

நண்டு.

ப்ளஸ் டூவில், மயிலாப்பூர் பள்ளிக்கூட லேபில் ஆசிட் கொட்டி, செம்பியனின் வலது கையில் மூன்று விரல்கள் சுருங்கி ஒட்டிப்போயின. நீட்ட முடிந்தது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அதைப் பார்த்து வகுப்பே வைத்த பெயர் அது.

இப்போது அதே பெயரில் ஒரு விஸ்கி. கோவாவில் ஒரு மதுபான ஆலைக்கு மூட்டை தூக்கப் போனவன், ருசி பார்த்துச் சொல்லும் நிபுணனாகி, சொந்த பிராண்டே போட்டுவிட்டானாம். தி.நகர் ஹோட்டலில் அறிமுக விழா.

“உங்க ஃப்ரெண்டு இவ்ளோ ஆசையா கூப்பிடறாரு, போகாம இருந்தா எப்படி?” என்று ஜெயபாரதி பட்டுப்புடவையோடு கிளம்பி நின்றாள்.

மனைவிக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அன்று விளையாட்டாகத் திரும்பியபோது ஆசிட் பாட்டிலைத் தட்டிவிட்டது சேரனின் முழங்கை. “அவனேதான் சார் தட்டிட்டான்” என்று வாத்தியாரிடம் சொன்னதும் சேரன்தான்.

ஹாலில் மேடைக்குப் பின்னால் ஆளுயர நண்டுப் படம்.

“ஏங்க இப்படி வேர்க்குது? ஏசி ஓடுதே!”

“கிளம்பிடலாமா?”

“வந்து அஞ்சு நிமிஷம் ஆகல!”

ஒரு பெண் நிருபர் எழுந்தார். “கிண்டல் பண்ணி வெச்ச பேரை ஏன் சார் பாட்டில்ல போட்டீங்க?”

செம்பியன் சிரித்தான். “அப்போல்லாம் கேட்டா அழுவேன் மேடம். அப்பால கோவாவுல இந்த ரெண்டு விரல்ல கிளாஸைப் புடிச்சு மோந்து பார்ப்பேன். ‘நண்டு சொன்னா கரெக்டா இருக்கும்’னு மொதலாளியே சொல்ல ஆரம்பிச்சாரு. இனிமே அதை ஒளிச்சு இன்னா ஆவப் போவுது?”

“விரல் எப்படி சார் போச்சு?”

சேரன் வாசல் பக்கம் பார்த்தபடி எழுந்தான்.

“அதைச் சொல்லத்தான் ஒருத்தனைக் கூப்ட்டுக்கீறேன். டேய் சேரா, மேல வா!”

ஜெயபாரதி பெருமையோடு அவனைத் தள்ளிவிட்டாள். தூக்குமேடைக்குப் போகிறவன்போல் ஏறினான். செம்பியன் அவன் தோளை வளைத்துக்கொண்டான்.

“லேப்ல ஆசிட் பாட்டிலை நான்தான் தட்டிவுட்டேன். எல்லாரும் பயந்து ஓடிட்டாங்க. இவன் ஒருத்தன்தான், தன் கை வேவறதைக்கூடப் பார்க்காம, என்னைத் தோள்ல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இல்லாட்டி கையே போயிருக்கும். முதல் பாட்டில் இவனுக்குத்தான்!”

கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேரனால் தலை நிமிர முடியவில்லை.

“செம்பி, மைக்கைக் குடு. நான் ஒண்ணு சொல்லணும்...”

பாட்டிலை அவன் கையில் திணித்தபடி செம்பியன் காதருகே குனிந்தான்.

“கம்முனு இரு. தட்டிவுட்டது நீதான்னு அன்னிக்கே பார்த்தேன்டா. தூக்கிக்கினு ஓடினதும் நீதானே?”