நான்கு வரிகள்

எந்த நாவலையும் கிழித்துத் தொங்கவிடும் முன், அதிலிருந்து நான்கு வரிகளைக் கேலிக்குரலில் வாசித்துக் காட்டுவது விமர்சகர் அரங்கண்ணலின் வழக்கம். பாதிக் கூட்டம் அதற்காகவே வரும். அன்று பிலோமினாவின் முதல் நாவல். முன்வரிசையில் அவள், போர்த்திவிட்ட பொன்னாடையை இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பூட்டிய வீட்டின் முன் ஒரு பெண் சாவியோடு நிற்கும் இடத்தை அவர் மூக்கால் இழுத்து வாசிக்கத் தொடங்கினார். முதல் வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான்கு வரிகள் முடிந்தும் அவர் நிறுத்தவில்லை, பக்கத்தைப் புரட்டினார். கேலி எந்த வரியில் அவர் குரலைவிட்டுப் போனதென்று சொல்லத் தெரியவில்லை. மேடையில் தேநீர் ஆறி ஆடை கட்டியது. கூட்டத் தலைவர் நீட்டிய துண்டுச்சீட்டை அவர் கவனிக்கவில்லை. பிலோமினாவின் பொன்னாடை நழுவித் தரையில் கிடந்தது. எழுதியவளே நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். தலைவர் எழுந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நேரமாச்சுங்க ஐயா, அடுத்தவங்க பேசணும்."

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அரங்கண்ணல் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"சும்மா இருங்கய்யா. அவ இன்னும் கதவத் தெறக்கல."