நாலடி இரும்பு

முனிராஜின் புகார் விநோதமாக இருந்தது. வீட்டில் ஒரு பொருள் திருடு போய்விட்டதாம். ஆனால் எது போனது என்று மட்டும் சொல்ல மாட்டாராம்.

"எழுத்து கிழுத்தெல்லாம் எதுக்கு சார்? எங்க வீட்டு வேலைக்காரி எல்லம்மாதான் எடுத்திருக்கா. ஸ்வல்ப மிரட்டிக் கேளுங்க, கக்கிடுவா. இன்னிக்குக் காலையில எட்டு மணிக்குள்ள அது என் கைக்கு வந்தாகணும்."

இன்ஸ்பெக்டர் சந்தானம் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள்ளேயே முனிராஜ் யார் என்பது தெரிந்துவிட்டது. 1999 கோடையில், அடுகோடிப் பக்கம் மூன்று தண்ணீர் டேங்கர் லாரி வைத்திருப்பவர் குட்டி ராஜா மாதிரி. ஸ்டேஷன் மாடித் தொட்டியையும் அவர்தான் நிரப்பிக்கொண்டிருந்தார், இலவசமாக. அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு அவரையே முறைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

எல்லம்மா சுவரோரம் நின்றிருந்தாள். திருட்டுப் பட்டம் ஒரு தடவை விழுந்தால் போதும், அவள் பாத்திரம் தேய்க்கும் நாலு வீடும் கதவைச் சாத்திவிடும்.

அவள் குடியிருந்த சந்தில் நாலு மாதமாகக் குழாயில் காற்றுதான் வந்தது. குடிநீர் வாரியத்து ஆள் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து, தண்ணீர் திறந்துவிட்டதாக நோட்டில் எழுதிவிட்டுப் போனார். தண்ணீருக்குத்தான் வர மனமில்லை. தண்ணீர் இல்லாததால் பொதுக் கழிப்பறையையும் பூட்டிவிட்டார்கள். பெண்கள் இருட்டோடு எழுந்து முட்புதர் தேடிப் போனார்கள். எங்கிருந்தோ மொண்டு வந்த தண்ணீரைக் குடித்து, எல்லம்மாவின் மகள் மமதா போன மாதம் வாந்திபேதியில் விழுந்து, செத்துப் பிழைத்தாள். பாவம்தான். ஆனால் பாவப்பட்டவர்கள் திருட மாட்டார்கள் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லையே!

"என்னம்மா, எடுத்தியா?"

"எடுத்தேன் சார்."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்கிறவர்களைச் சந்தானம் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"எதை எடுத்தே?"

"அதை அவரையே சொல்லச் சொல்லுங்க சார். அவரு பொருளுதானே?"

முனிராஜுக்கு வியர்த்தது. "சும்மா இரும்பு சார். நாலடி நீளம் இருக்கும். சாக்குல சுத்திக் கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன்."

"பழைய இரும்புக்கா காலங்கார்த்தால ஸ்டேஷனுக்கு ஓடி வந்தீங்க?"

கேட்டு முடிப்பதற்குள் சந்தானத்துக்குப் பொறி தட்டியது. போன செவ்வாய்க்கிழமை, போட்டி டேங்கர் ஓட்டும் டிரைவர் ஒருவனின் முழங்காலை யாரோ இரும்பால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். அடித்தவனும் அகப்படவில்லை, ஆயுதமும் அகப்படவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கிறது!

அவர் குரலில் தேன் வடிந்தது.

"உங்க பொருள் தொலைஞ்சா நான் சும்மா இருப்பேனா முனிராஜ்? ஆனா, எழுத்துல இருக்கணும். நாளைக்கே இவ 'அது என்னுது'ன்னு சாதிச்சா என்ன பண்ணுவீங்க?"

ரைட்டர் எழுத ஆரம்பித்தார். நாலடி இரும்பு, எனக்குச் சொந்தமானது.

"வீட்ல வேற யாராவது அதை எடுத்துப் பயன்படுத்துவாங்களா?" சந்தானம் சாதாரணமாகக் கேட்டார். நாளைக்குக் கோர்ட்டில் மச்சான் எடுத்தான், டிரைவர் எடுத்தான் என்று பழியை மாற்றக்கூடாது பாருங்கள்.

"நான் ஒருத்தன்தான் சார் தொடுவேன். இதுல எல்லாம் ஆளுங்களை நம்ப முடியாது."

"அதையும் எழுதுய்யா."

முனிராஜ் கடிகாரத்தைப் பார்த்தார், படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சந்தானம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லும்மா. எங்கே இருக்கு?"

"எங்க சந்துலதான் சார். வாங்க, காட்டறேன். அவரும் வரட்டும்."

"அந்தக் கலீஜ் சந்துக்கு நான் எதுக்கு சார்? போகட்டும் விடுங்க, பொருளும் வேணாம், கேஸும் வேணாம்" என்று முனிராஜ் எழுந்தார். சந்தானம் அவர் தோளில் அன்போடு கை போட்டு ஜீப்பில் ஏற்றினார். குற்றவாளி பின்வாங்கப் பின்வாங்க அவருக்கு உற்சாகம் ஏறியது. ரத்தக்கறையைக் கழுவியிருப்பார்களோ என்ற ஒரு கவலைதான் பாக்கி. கழுவ அந்தச் சந்தில் தண்ணீர் ஏது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சந்து முனையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"விலகுங்கம்மா! யாரும் அதைத் தொடாதீங்க, கைரேகை அழிஞ்சிடும்!" என்று கத்திக்கொண்டே சந்தானம் குதித்து இறங்கினார். பூட்ஸ் தொப்பென்று தண்ணீரில் இறங்கியது.

கூட்டம் விலகியது. ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தண்ணீர் விடும் நிலத்தடி வால்வின் தலையில், நாலடி உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது ஓர் இரும்புத் திருகுசாவி. வாரியத்து ஆள் கொண்டு வருவதைப் போலவே லேத்தில் கடைந்து செய்தது.

"இதான் சார். அவரோடது" என்றாள் எல்லம்மா.

வாரியத்து ஆள் தினமும் திறந்துவிட்டுப் போனதை யார் வந்து மூடினார்கள் என்று சந்தானம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாக்குமூலம் முனிராஜின் கையெழுத்தோடு அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.