ஆயில் இறங்காத வளைவு

கம்ப்யூட்டர் திரையில் ஆயில் பிரஷர் கோடு இறங்கவே இல்லை.

அதுதான் அவளை உட்காரவிடாமல் செய்தது.

வெளியே ரேஸ் கார் பன்னிரண்டு சுற்றுப் பயிற்சியை முடித்துவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் அவள் தம்பி. இஞ்சினைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியவள் அவள்.

பந்தயத் தடத்தின் கோடியில் ஒரு நீண்ட இடது வளைவு. அதில் வேகமாகத் திரும்பினால், இஞ்சினுக்கு அடியில் தொட்டியில் இருக்கும் ஆயில் மொத்தமும் வலப்பக்கம் ஒதுங்கி ஏறிவிடும். நடுவில் இருக்கும் உறிஞ்சு குழாய்க்குக் காற்றுதான் கிடைக்கும், பிரஷர் விழுந்துவிடும். இரண்டே விநாடி. பேரிங் கருகிப்போகும்.

போன வருடம் அப்படித்தான் ஆனது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் அப்படியே நின்றுவிட்டன. கார் சுவரில் மோதியது. தம்பி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இந்த முறை தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து, உள்பக்கம் மட்டுமே திறக்கும் குட்டிக் கதவுகளைப் பொருத்தியிருந்தாள். ஆயில் நடுவுக்கு வரலாம், விலகி ஓட முடியாது. நான்கு வாரம் சோறு தூக்கம் பார்க்காத வேலை.

“நாளைக்கு ரேஸுக்கு இதே இஞ்சின்தான்!” முதலாளி தோளில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டு, போனும் கையுமாக வாசல் பக்கம் போனார்.

அவள் நகத்தைக் கடித்தாள். எவ்வளவு நல்ல தடுப்பாக இருந்தாலும் அந்த வளைவில் கோடு கொஞ்சமாவது நடுங்க வேண்டும். இதுவோ ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் கிடந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான். “பிரமாதம்க்கா. ஃபுல்லா மிதிச்சேன், ஒண்ணும் ஆகல.”

சொன்னவன் திரையைப் பார்த்தான், டயரைப் பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவள் இன்னொரு கோட்டைத் திறந்தாள். ஆக்சிலரேட்டர் மிதியின் கோடு.

பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு முறையும், சரியாக அந்த வளைவில், கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. காலை எடுத்திருக்கிறான். மெதுவாகப் போகிற காரில் ஆயில் எங்கே ஒதுங்கும்?

பயந்திருக்கிறான். அசகாய சூரன் என்று பேர் வாங்கியவனை இப்படி ஆக்கிவிட்டோமே. யாரும் பார்ப்பதற்குள் அந்தக் கோட்டை மூடினாள்.

“பயமா இருந்தா எங்கிட்ட சொல்லக் கூடாதாடா?” குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பயமா? எனக்கா?” அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். “காலைல முதலாளி உங்கிட்ட சொன்னது கேட்டுச்சுக்கா. இன்னைக்கும் ஆயில் இறங்குச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்னாரே. அதான், இறங்காம பாத்துக்கிட்டேன்.”

“அப்போ நாளைக்கு?”

“நாளைக்கு ஃபுல்லாத்தான் மிதிப்பேன். ஜெயிக்க வேணாமா?”

சிரித்தபடிதான் சொன்னான்.

முழு வேகத்தில் அந்த வளைவை இந்த இஞ்சின் இன்னும் ஒருமுறைகூடத் தாண்டவில்லை. மூடிய கோட்டைத் திரும்பத் திறந்தாள்.

“சார், கொஞ்சம் இங்க வாங்க.”

தம்பி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். அவள் உதறவில்லை. இன்னொரு கையால் திரையை வாசல் பக்கம் திருப்பினாள்.