காயலுக்குப் போகாத தூசி

இலவசப் பரிசோதனைதானே என்று மனைவி ஆவுடையம்மாளையும் கையோடு கூட்டி வந்திருந்தான் இசக்கிதுரை. இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மலையாளி டாக்டர் மஞ்சுஷா ஒரு படத்தை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தபோது, அவன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"கப்பல் பொளிக்கிற... உடைக்கிற யார்டுல எத்தனை வருஷமா வேலை?"

"பதினாறு வருஷம், மேடம். பழைய கப்பல் பைப்புல சுத்தியிருக்கிற வெள்ளைப் பஞ்சை உரிச்செடுக்கிற வேலை."

"அது ஆஸ்பெஸ்டாஸ் ஆணு. அந்தத் தூசி நெஞ்சை அரிக்கும். மாஸ்க் உண்டா?"

"அங்க இருக்கிற வரைக்கும் கழட்டவே மாட்டேன்."

"வேலைத் துணி?"

இசக்கிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தான். இதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. "யார்டை ஒட்டின காயல் தண்ணி கெட்டுப்போகுதுன்னு ஆபீசருங்க வந்து சத்தம் போட்டாங்க, மேடம். அன்னையிலிருந்து யார்டுல துணி அலசக் கூடாது. ஒரு பொட்டுத் தூசி தண்ணியில விழாம, அப்படியே சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்திருவேன்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். ஜன்னலில்லாத அந்த அறை, கப்பலின் அடித்தட்டைப் போல அவனை நெருக்கியது.

"எனக்கு இன்னும் எத்தனை நாள், மேடம்?"

"சேட்டா, உங்க படம் கவர்ல இருக்கு. உங்க நெஞ்சு சுத்தம். இது இவங்க படம்."

ஆவுடையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் யார்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

"அந்தத் துணியை எங்க வச்சு உதறுவீங்க, அம்மா?"

"வெளிய உதறினா பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு இருமல் வருமே, மேடம்" என்றாள் அவள். "கதவைச் சாத்திக்கிட்டு உள்ளதான் உதறுவேன்."