சும்மா கொடுத்த கம்பனி

கொடகவெல ஊரில் சாலி முதலாளியின் கடைக்கு, கொழும்பு மென்பொருள் கம்பனிக்காரர் தங்கள் ரெடிமேட் இணையக் கடை மென்பொருளை விற்க வந்திருந்தார்.

"இத ஊருக்கே சும்மா குடுக்கிறீங்களாமே?" என்று கேட்டார் முதலாளி.

"அது பழசு, முதலாளி. இதுல தமிழ் எழுத்து உடையாது. எங்க இன்ஜினியர்மார் ஆறு மாசம் பாடுபட்டு எழுதினது. அதுக்குத்தான் காசு."

பில் போட்டுக்கொண்டிருந்த ஷாமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய், மொதலாளி! சும்மா எடுத்தவங்க கோளாறத் திருத்தி, எல்லாருக்கும் ஒதவட்டும்னு கம்பனிக்குச் சும்மாவே திருப்பி அனுப்புவாங்க. இவங்க அத விப்பாங்க. அதுக்குத்தான் சும்மா குடுக்கிறது!"

கம்பனிக்காரருடைய மடிக்கணினியை வெடுக்கென்று இழுத்து, மென்பொருளுக்குள் திருத்தியவர்களின் பெயர்கள் இருந்த கோப்பைத் திறந்தாள்.

"தமிழைத் திருத்தியவர்: ஷாமிளா கன்னையா, ஓப்பநாயக்க" என்று வாசித்த முதலாளியின் முகம் சிவந்தது.

"எங்கட கடைப் புள்ள எழுதினத எனக்கே விக்க வந்தீங்களா?"