உடன் வசிப்பவர்

பெட்டியும் கையுமாகப் படியிறங்கி வந்த மந்திரியின் மனைவியைப் பார்த்ததும், வாசலில் நின்ற பாதுகாப்பு அதிகாரி குறுக்கே வந்தார்.

“அம்மா, கேட்டைத் தாண்டினா நாங்க யாரும் உங்ககூட வர முடியாது. இன்னைக்கு காலையிலேர்ந்து புதுச் சட்டம். ஐயாவுக்கும், அவருடன் வசிக்கும் குடும்பத்தாருக்கும் மட்டும்தான் பாதுகாப்பு.”

“உடன் வசிக்கிறதுன்னா?”

“ஒரே வீட்டுல இருந்தா போதும்மா. முகம் கொடுத்துப் பேசணும்னெல்லாம் சட்டத்துல இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “போன தடவை நான் பெட்டி கட்டினப்ப இப்படி ஒண்ணு இல்லையே?”

“அதுக்கப்புறம்தாம்மா ஐயாவே முன்னாடி நின்னு திருத்தம் கொண்டுவந்தாரு.”

“சரி, எனக்கு ஒரு காவலும் வேண்டாம். நான் அக்கா வீட்டுக்குப் போறேன், வழியை விடுங்க.”

“அந்த மிரட்டல் போன் இன்னும் வந்துட்டுத்தானே இருக்கு?”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். ‘வீட்டை விட்டு வெளியே கால் வச்சா உயிரோட இருக்க மாட்டே’ என்று அந்தக் கரகரத்த குரல் நேற்றும் சொன்னது. அக்கா வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

“இத்தனை பேர் துப்பாக்கியோட நின்னு என்ன பிரயோஜனம்? அவன் யாருன்னு இன்னுமா கண்டுபிடிக்கல?”

“போன வாரமே கண்டுபிடிச்சுட்டோம்மா.”

“அப்புறம் ஏன் அவனைப் பிடிச்சு உள்ளே போடல?”

அதிகாரி மாடி ஜன்னலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எப்படிம்மா போடுறது? அவரைப் பாதுகாக்கிறதுதானே எங்க வேலை!”